பதில் சரி, பார்த்தது எது? ஒரே அடையாளத்தில் நின்றுவிடும் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு வழிகாட்டி

படம், பழம், பணம் என்று மூன்று சொல் அட்டைகள். 'பழம் எடு' என்றால் குழந்தை சரியாக எடுக்கிறாள். ஒரு வாரமாகத் தப்பே இல்லை. அட்டை நைந்துபோய்ப் புதிதாக எழுதிவைத்த அன்று, மூன்றில் எதையோ எடுத்து நீட்டுகிறாள். 'மறந்துபோச்சு' என்பார் ஒருவர், 'அடம்' என்பார் இன்னொருவர். இரண்டுமே இல்லாமல் இருக்கலாம். பழைய 'பழம்' அட்டையின் மூலையில் ஒரு மடிப்பு இருந்தது. அந்த மடிப்பைப் பார்த்துத்தான் இத்தனை நாளும் எடுத்துக்கொண்டிருந்தாள். எழுத்தை அவள் பார்க்கவே இல்லை. பார்க்க வேண்டிய தேவையை நாமும் உண்டாக்கவில்லை.

சிறப்புக் கல்வியில் இதற்கு ஸ்டிமுலஸ் ஓவர்செலக்டிவிட்டி என்று பெயர். தெரபி அறிக்கையில் இந்தப் பெயர் வந்தால் மிரள வேண்டாம். ஒரு பொருளில் பல அடையாளங்கள் இருக்கும்போது குழந்தையின் கவனம் அவற்றில் ஒன்றோடு நின்றுவிடுகிறது, அவ்வளவுதான். இங்கே அதைக் குறுகிய கவனம் என்றே சொல்கிறேன். கேட்பதிலும் தொடுவதிலும்கூட இது உண்டு; இந்தக் கட்டுரை கண்ணால் பார்ப்பதைப் பற்றி மட்டும்.

வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைக்கு இப்போதுதான் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியிருக்கும் பெற்றோரையும் புதிய ஆசிரியர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். குழந்தை சரியாகப் பதில் சொல்லிவிட்டால் பாடம் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எதைப் பார்த்து அந்தப் பதில் வந்தது என்று தெரிந்த பிறகே முடிந்தது.

இது என்ன, எது இல்லை

1971இல் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஐவார் லோவாஸ், லாரா ஷ்ரைப்மன், ராபர்ட் கோகல் உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு வெளிச்சம், ஒரு சத்தம், உடலில் ஒரு லேசான அழுத்தம், மூன்றும் ஒரே நேரத்தில் வரும். வந்தால் குழந்தை ஒரு கம்பியை அழுத்த வேண்டும். எல்லாக் குழந்தைகளும் கற்றுக்கொண்டார்கள். பிறகு மூன்றையும் தனித்தனியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். குறைபாடு இல்லாத குழந்தைகள் மூன்றுக்கும் கம்பியை அழுத்தினார்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பெரும்பாலும் ஒன்றுக்கு மட்டுமே அழுத்தினார்கள். அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகள் இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றார்கள்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்து நடந்ததுதான். குழந்தை கண்டுகொள்ளாமல் விட்ட அடையாளத்தைத் தனியாக வைத்துச் சொல்லிக்கொடுத்தபோது, அதற்கும் பதில் வந்தது. ஆக, கண்ணும் காதும் பழுதில்லை. பல அடையாளங்கள் ஒன்றாக வரும்போதுதான் ஒன்று மற்றவற்றை மறைத்துவிடுகிறது. நாம் செய்யப்போகும் எல்லா வேலைக்கும் இந்த ஒரு விஷயம்தான் ஆதாரம். (லோவாஸ் அந்தக் காலத்தில் கையாண்ட தண்டனை முறைகள் இன்று கடுமையாக விமர்சிக்கப்படுகின்றன, நியாயமாகவே. இந்தக் கண்டுபிடிப்பை எடுத்துக்கொள்வதற்காக அந்த முறைகளை எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.)

ஆட்டிசம் என்றாலே குறுகிய கவனம் இருக்கும் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ஆட்டிசம் உள்ள எல்லோருக்கும் இது இல்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களிடமும், வேறு காரணங்களால் அறிவு வளர்ச்சி தாமதமானவர்களிடமும், குறைபாடே இல்லாத சின்னக் குழந்தைகளிடமும் இதைப் பார்த்திருக்கிறார்கள். மருத்துவர் எழுதிக்கொடுத்த பெயரை வைத்து ஊகிக்காமல், உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கும் குழந்தையைச் சோதித்துப் பார்ப்பதுதான் வழி.

ஓரிடத்தில் நில்லாமல் தாவிக்கொண்டே இருக்கும் கவனச்சிதறலும் இதுவும் வேறு. இந்தக் குழந்தை நன்றாக உட்காரும், அட்டையைக் கூர்ந்து பார்க்கும். பார்க்கும் இடம்தான் பிசகு.

முதல் படி: கண்ணைப் பரிசோதித்துவிடுங்கள்

பலரும் தாண்டிப்போகும் படி இது. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் கிட்டப்பார்வை, தூரப்பார்வைக் கோளாறுகள் மிகச் சாதாரணம். அருகில் இருப்பதைக் குவித்துப் பார்ப்பதிலும் பலருக்குச் சிரமம் உண்டு. பெருமூளை வாதம் உள்ள குழந்தைகள் சிலருக்குக் கண் நன்றாக இருந்தும் மூளை காட்சியைப் புரிந்துகொள்வதில் தடை இருக்கும். அப்படிப்பட்ட குழந்தைக்கு நெரிசலான பக்கத்தில் எதுவும் பிடிபடாது. பார்வைப் பரப்பில் ஒரு பக்கமே தெரியாமலும் இருக்கலாம். இதையெல்லாம் குறுகிய கவனம் என்று நினைத்துக்கொண்டு மாதக்கணக்கில் பயிற்சி கொடுப்பது வீண். குழந்தைகளுக்குப் பார்க்கும் கண் மருத்துவரிடம் போங்கள். 'எழுத்துப் பலகையை வாசிக்கச் சொல்ல முடியாது, பேச்சு வராது' என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வாசிக்கத் தெரியாத குழந்தைக்கும் பார்வையை அளக்க முறைகள் இருக்கின்றன.

இரண்டாம் படி: சரியான பதிலைப் பிரித்துப் பாருங்கள்

கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டு செய்ய வேண்டிய படி இதுதான்.

முதலில் அட்டைக்கு வெளியே இருக்கும் துப்புகளை அடைத்துவிடுங்கள். சரியான அட்டையை நம்மையறியாமல் ஒரு நொடி பார்த்துவிடுவோம். மூன்று அட்டைகளை அடுக்கும்போது சரியானதைக் கடைசியாக வைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. சிலர் அதை மட்டும் விரல் நுனியால் நேராக்கிவிடுவார்கள். இதையெல்லாம் குழந்தை நம்மைவிட நன்றாகக் கவனித்து வைத்திருக்கும். எந்த அட்டை எந்த இடத்தில் என்பதை உட்காருவதற்கு முன்பே தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இடது, நடு, வலது மூன்றிலும் சரியான அட்டை சம அளவில் வரட்டும். ஒரே இடத்தில் தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் வேண்டாம். கேட்கும்போது உங்கள் பார்வை குழந்தையின் முகத்தில் இருக்கட்டும். முடிந்தால் வீட்டில் வேறொருவர் கேட்கட்டும், நீங்கள் தள்ளி உட்கார்ந்து குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்டால் சரி, அவர் கேட்டால் தப்பு என்று வந்தால் துப்பு உங்களிடம்தான் இருக்கிறது.

அடுத்து அட்டை. அதே சொல்லை வேறு தாளில், வேறு மையில், வேறு அளவில், வேறொருவர் கையெழுத்தில் எழுதுங்கள். கறை, மடிப்பு, பிளாஸ்டிக் உறையின் பளபளப்பு, ஓரத்தில் ஒட்டிய டேப் என எதுவும் ஒரு அட்டையில் மட்டும் இருக்கக் கூடாது. படம் உள்ள அட்டையானால் பின்னணி நிறத்தைக் கவனியுங்கள். நாய்ப் படம் பச்சைப் புல்லிலும் பூனைப் படம் வெள்ளைத் தரையிலும் இருந்தால், குழந்தை கற்றுக்கொண்டது நாயையா, பச்சையையா?

மூன்றாவதாகச் சொல்லுக்கு உள்ளே போங்கள். 'பழம்' என்ற சொல்லுக்கு இப்படி ஒரு கூட்டம் வைத்துக்கொள்ளலாம்: பழம், முழம், பணம், பழசு. கூர்ந்து பாருங்கள், 'பழம்' என்பதிலிருந்து முழம் முதல் எழுத்தில் மட்டும் வேறுபடுகிறது, பணம் நடு எழுத்தில் மட்டும், பழசு கடைசி எழுத்தில் மட்டும். 'பழம்' அட்டை ஒன்றை மாதிரியாகக் காட்டி, 'இதே மாதிரி எடு' என்று நான்கையும் முன்னால் வைக்கிறீர்கள். பொருள் தெரிய வேண்டியதில்லை, பொருத்தினால் போதும். தவறும்போது குழந்தை எதை எடுக்கிறது என்பதுதான் விஷயம். எப்போதும் முழத்தை எடுத்தால், முதல் எழுத்து அதன் கண்ணில் படவில்லை. பணத்தை எடுத்தால் நடு எழுத்து விட்டுப்போகிறது. பழசை எடுத்தால் சொல்லின் கடைசி வரைக்கும் பார்வை போகவில்லை. சரி, தப்பு என்று மட்டும் குறிக்காமல், எடுத்த அட்டையின் பெயரையே எழுதிக்கொள்ளுங்கள். நோட்டில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் வேலை எங்கே தொடங்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

இன்னும் எழுத்துக்கு வராத குழந்தையென்றால் இதையே படத்தில் செய்யலாம். சிவப்புக் கூரையும் நீலக் கதவும் ஒரு ஜன்னலும் உள்ள வீடு வரையுங்கள். கூரை நிறம் மட்டும் மாறிய ஒன்று, கதவு நிறம் மட்டும் மாறிய ஒன்று, ஜன்னல் இல்லாத ஒன்று. வேலை அதேதான்.

ஒரு தவறை வைத்து எதையும் சொல்ல முடியாது. ஒவ்வொரு வகையும் சில நாட்களில் பரவலாகப் பத்து முறையாவது வந்தால்தான் போக்கு தெரியும். அதற்காக ஒரே உட்காரலில் நாற்பது கேள்வி கேட்காதீர்கள். குழந்தைக்கு நன்றாகத் தெரிந்த பத்துக் கேள்விகளுக்கு நடுவே இரண்டு மூன்று சோதனைக் கேள்விகளைக் கலந்துவிடுங்கள். தெரிந்தவற்றுக்கு வழக்கம்போலப் பாராட்டு. சோதனைக் கேள்விக்குச் சரி என்றும் சொல்லாமல் தப்பு என்றும் சொல்லாமல், 'ம், அடுத்தது' என்று நகருங்கள். அங்கே திருத்தினால் அது சோதனையாக இல்லாமல் பாடமாகிவிடும்.

எண்ணிக்கையில் இன்னொரு துப்பும் ஒளிந்திருக்கிறது. வில்லியம் டியூப், வில்லியம் மெக்கில்வேன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999இல் வெளியிட்ட ஆய்வில் இந்த வகைப் பணியைத்தான் பயன்படுத்தினார்கள்: இரண்டு உருவங்களைச் சேர்த்துக் காட்டி மறைத்துவிடுவார்கள். பிறகு மூன்று உருவங்கள் வரும். அதில் ஒன்று மட்டும் முன்பு காட்டியது. அதைத் தொட வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டுமே பார்க்கும் குழந்தைக்கு என்ன கிடைக்கும் என்று கணக்குப் போடுவோம். பாதி நேரம், பார்த்த உருவமே கேள்வியாக வரும், எல்லாம் சரி. மீதி நேரம், பார்க்காதது வரும். மூன்றில் ஒன்றைக் குத்துமதிப்பாகத் தொடும். கூட்டினால் நூற்றுக்கு ஏறக்குறைய 67. ஆகவே, வாரக்கணக்கில் மூன்றில் இரண்டு பங்கிலேயே நிற்கும் மதிப்பெண்ணைக் கண்டால் 'முன்னேறிக்கொண்டிருக்கிறாள்' என்று எழுதிவிடாதீர்கள். பாதியை முழுமையாகவும் மீதியைக் குருட்டாம்போக்கிலும் செய்கிறாளா என்று பாருங்கள். இன்னும் நூறு முறை அதையே திருப்பிச் செய்தாலும் அந்த எண் நகராது.

மூன்றாம் படி: அட்டையைத் திருத்துங்கள்

குழந்தை தடுமாறினால் நம் கை தானாகச் சரியான விடையைச் சுட்டிக்காட்டும். அல்லது அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போடுவோம், அம்புக்குறி போடுவோம். பெரும்பாலான குழந்தைகளுக்கு இது உதவும். குறுகிய கவனம் உள்ள குழந்தைக்கு இதுவே பொறி. அவள் விரலைப் பார்ப்பாள், வட்டத்தைப் பார்ப்பாள். எழுத்து அப்படியே பார்க்கப்படாமல் கிடக்கும். விரலை எடுத்ததும் பதிலும் போய்விடும். ஷ்ரைப்மன் 1975இல் இதை நேராக ஒப்பிட்டுப் பார்த்தார். ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு வெளியிலிருந்து கொடுத்த உதவி பெரும்பாலும் பலிக்கவில்லை; வேறுபாடு எங்கே இருக்கிறதோ அந்த இடத்தையே பெரிதாக்கிக் காட்டி, படிப்படியாகச் சுருக்கியபோது கற்றுக்கொண்டார்கள்.

தமிழ் எழுத்தில் இதைச் செய்ய நிறைய இடம் இருக்கிறது. கல், கால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒரு கால் வாங்குவதுதான். முதல் அட்டையில் மற்ற எழுத்துகளைச் சிறியதாகவும், அந்தக் காலை மட்டும் தடிமனாக, இரண்டு மடங்கு உயரமாகவும் எழுதுங்கள். அடுத்த அட்டையில் கொஞ்சம் குறையுங்கள். ஐந்தாறு அட்டைகளில் சாதாரண எழுத்துக்கு வந்துவிடலாம். இரண்டு சுழி ன, மூன்று சுழி ண விஷயத்தில் அந்த மூன்றாவது சுழியை ஊதிப் பெரிதாக்குங்கள். ல, ள, ழ மூன்றையும் ஒன்றாகக் கொண்டுவராதீர்கள், இரண்டிரண்டாகப் போதும்.

தடிமனும் அளவும்தான்; நிறம் வேண்டாம். காலைச் சிவப்பில் எழுதினால் குழந்தை சிவப்பைக் கற்றுக்கொள்ளும். நிறம் படிப்படியாக மங்கினாலும், கடைசித் துளிச் சிவப்பு மறையும்வரை அதைப் பிடித்துக்கொண்டே வரும் குழந்தைகள் இருக்கிறார்கள்.

பத்துக்கு ஒன்பது சரி என்று இரண்டு உட்காரலில் வந்தால் அடுத்த அட்டைக்குப் போகலாம். தொடர்ந்து இரண்டு தப்பு வந்தால் ஒரு அட்டை பின்னுக்கு வாருங்கள்.

சொல்லுக்குப் பக்கத்தில் படம் ஒட்டும் வழக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பாடப்புத்தகம் முழுக்க அப்படித்தான் இருக்கிறது, எனக்கு அதில் உடன்பாடு இல்லை. யானைப் படம் ஏற்கெனவே தெரிந்த குழந்தை 'யானை' என்ற எழுத்தை எதற்காகப் பார்க்க வேண்டும்? அறிவுசார் குறைபாடுள்ள மாணவர்களை வைத்து 1990இல் வெளிவந்த ஓர் ஆய்வு, சொல்லோடு படத்தைச் சேர்த்துக் காட்டும்போது சொல்லைக் கற்பது தடைப்படுகிறது என்றே காட்டியது. சொல்லை மட்டும் காட்டுங்கள். குழந்தை வாசித்த பிறகு, அட்டையைத் திருப்பினால் பின்பக்கம் படம் இருக்கட்டும். அப்போது படம் பதிலுக்குக் கிடைக்கும் மகிழ்ச்சியாகிறது.

பக்க ஓரத்தில் பூ, பொம்மை, நட்சத்திரம் போட்ட பயிற்சித்தாள்களையும் ஒதுக்கிவிடுங்கள். அழகுதான், ஆனால் இந்தக் குழந்தைக்கு அவை ஒவ்வொன்றும் ஒரு போட்டி.

நான்காம் படி: பதிலுக்கு முன்னால் பார்க்க வையுங்கள்

'நல்லா பாரு' என்று சொல்வதால் ஒன்றும் ஆவதில்லை. பார்த்தால்தான் செய்ய முடியும் என்ற ஒரு சின்ன வேலையைப் பதிலுக்கு முன்னால் வைக்க வேண்டும்.

டியூப்பும் மெக்கில்வேனும் செய்தது இதுதான். இரண்டு உருவங்களைக் காட்டி மறைப்பதற்கு முன்னால், அந்த இரண்டும் சேர்ந்த ஜோடியை வேறு ஜோடிகளுக்கு நடுவே கண்டுபிடித்துப் பொருத்தச் சொன்னார்கள். மற்ற ஜோடிகளில் ஒரு உருவம் ஒன்றாகவும் ஒன்று வேறாகவும் இருக்கும். இரண்டையும் பார்க்காமல் பொருத்தவே முடியாது. அதைச் செய்த பிறகு கேள்வி கேட்டபோது மதிப்பெண் நன்றாக ஏறியது. பேச்சு தேவையில்லை என்பது இதில் பெரிய வசதி.

சொற்களுக்கு 2007இல் வேறொரு குழு இதை எளிமையாக்கியது. ஆட்டிசம் உள்ள ஒருவருக்கு, மூன்றெழுத்தில் இரண்டு எழுத்துகள் ஒன்றாக இருக்கும் ஆங்கிலச் சொற்களைப் பொருத்துவதில் தடுமாற்றம். சொல்லைப் பொருத்துவதற்கு முன், வேறுபடும் அந்த ஒற்றை எழுத்தை மட்டும் பொருத்த வைத்தார்கள். தடுமாற்றம் குறைந்தது.

நம் படம், பழம், பணம் கூட்டத்தில் இதை இப்படிச் செய்யலாம். 'பழம்' மாதிரி அட்டையைக் காட்டுகிறீர்கள். ட, ழ, ண என்று மூன்று சின்ன எழுத்துத் துண்டுகள் மேசையில் இருக்கின்றன. குழந்தை ழ-வை எடுத்து மாதிரி அட்டையின் நடு எழுத்துக்குக் கீழே வைக்கிறாள். பிறகுதான் மூன்று சொல் அட்டைகளும் வருகின்றன. துண்டைத் தப்பாக வைத்தால் அங்கேயே நிறுத்தி மறுபடி செய்யச் சொல்லுங்கள். சொல் அட்டை வரைக்கும் போக வேண்டாம். பேசும் குழந்தையென்றால் எழுத்தின் பெயரைச் சொல்வதே போதும். ஆனால் விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுக்கொண்டு போவது மட்டும் போதாது. விரல் போகும், கண் ஜன்னல் பக்கம் இருக்கும். ழ-வுக்கு ஒரு செயல், ண-வுக்கு வேறொரு செயல் என்று வித்தியாசப்பட்டால்தான் பார்த்ததற்கு அத்தாட்சி.

கண்ணசைவைப் பதிவுசெய்யும் கருவிகளை வைத்துப் பார்த்தபோது, சில குழந்தைகள் சில உருவங்களை ஏறெடுத்தே பார்க்கவில்லை, வேறு சிலர் பார்த்தும் மிகக் குறைந்த நேரமே பார்த்தார்கள் என்று தெரிந்தது. இரண்டாவது வகைக் குழந்தையிடம் 'பார்த்துட்டியே, அப்புறம் என்ன?' என்று கேட்பது நியாயமில்லை. அவளுக்குத் தேவை கூடுதல் நேரம். இந்த முன்வேலை அதையும் வாங்கிக்கொடுக்கிறது.

ஐந்தாம் படி: இரண்டு அடையாளம் சேர்ந்தால்தான் விடை

ஷ்ரைப்மனும் கோகலும் 1970களிலேயே காட்டியது, இரண்டு அடையாளங்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் பலன் என்ற நிலைமையைத் திரும்பத் திரும்ப உண்டாக்கினால் பல குழந்தைகள் அப்படிப் பார்க்கவே பழகிக்கொள்கிறார்கள் என்பதை. பின்னாளில் அவர்கள் வளர்த்தெடுத்த பிவட்டல் ரெஸ்பான்ஸ் பயிற்சியில் (ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு அதன் விருப்பத்தை ஒட்டி, விளையாட்டோடு சொல்லிக்கொடுக்கும் முறை) இது ஒரு தூணாக இருக்கிறது.

'சிவப்புப் பென்சில் கொடு' என்று கேட்கிறீர்கள். மேசையில் சிவப்புப் பென்சிலும் நீலப் பென்சிலும் மட்டும் இருந்தால் குழந்தைக்கு 'சிவப்பு' போதும். சிவப்புப் பென்சிலும் சிவப்புப் பந்தும் மட்டும் இருந்தால் 'பென்சில்' போதும். சிவப்புப் பென்சில், நீலப் பென்சில், சிவப்புப் பந்து மூன்றும் இருந்தால்தான் இரண்டையும் பார்த்தாக வேண்டும். பலர் நீலப் பந்தைச் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் மூன்றில் சிவப்புப் பென்சில்தான் மற்ற இரண்டோடும் ஏதோ ஒரு வகையில் ஒத்துப்போகும் பொருள். அதையே எப்போதும் எடுக்கப் பழகிவிடலாம். நான்கையும் வைத்து, நான்கையும் மாற்றி மாற்றிக் கேளுங்கள்.

தொடங்குவதற்கு முன் நிறமும் பொருளும் தனித்தனியாகத் தெரியுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தெரியாததை இரண்டிரண்டாகச் சேர்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். நிறம், பொருள் பழகிய பிறகு அளவு. 'பெரிய சிவப்புப் பந்து' வரைக்கும் போகலாம், அவசரமில்லை. மேசையில் உட்கார்ந்துதான் செய்ய வேண்டும் என்றும் இல்லை. சட்டை எடுக்கும்போது, விளையாட்டுக் கார் கேட்கும்போது, அவள் விரும்பும் பொருளையே வைத்துச் செய்தால் வேலை பாதி குறையும். விரும்புவதைக் கேட்கும்போது கொடுக்காமல் பிடித்துவைத்துப் பரீட்சை நடத்த மட்டும் வேண்டாம்.

ஆறாம் படி: அறையை விட்டு வெளியே

1975இல் ரின்கோவர், கோகல் என்ற இரண்டு ஆய்வாளர்களும் ஆட்டிசம் உள்ள பத்துக் குழந்தைகளுக்குச் சிகிச்சை அறையில் எளிய செயல்களைக் கற்றுக்கொடுத்து, வெளியே புதிய ஆளைக் கொண்டு அதையே கேட்கச் சொன்னார்கள். நான்கு பேர் எதுவுமே செய்யவில்லை. துருவிப் பார்த்ததில், அந்த நான்கு பேருமே அறையில் தற்செயலாக இருந்த ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. ஒரு குழந்தைக்கு அது ஆசிரியர் கையை உயர்த்திய அசைவு.

ஆகவே ஓரளவு தேறியதுமே இடத்தையும் ஆளையும் பொருளையும் மாற்றிவிடுங்கள். கோப்பை என்று சொல்லிக்கொடுத்தால் எஃகு, கண்ணாடி, பிளாஸ்டிக், கைப்பிடி உள்ளது, இல்லாதது என ஐந்தாறு கோப்பைகள். கைப்பிடியுள்ள ஒரு வாளியைக் காட்டி அது கோப்பை இல்லை என்பதும் பாடம்தான்.

முகங்களிலும் இதைப் பாருங்கள். ஆண் பொம்மை, பெண் பொம்மை இரண்டையும் பிரித்தறியக் கற்ற குழந்தைகளை வைத்து 1973இல் செய்த சோதனையில், குறைபாடில்லாதவர்கள் பெரும்பாலும் தலையைப் பார்த்தார்கள். ஆட்டிசம் உள்ள சிலர் காலணி போன்ற ஏதாவது ஒன்றை மட்டும் பிடித்திருந்தார்கள். அதை மாற்றியதும் எது யார் என்று தெரியவில்லை. அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றியதும் குழந்தை விலகிப்போனால், அது பாசக்குறைவு இல்லை. கண்ணாடியோடும் இல்லாமலும், தொப்பியோடும் இல்லாமலும் எடுத்த புகைப்படங்களைக் கலந்து வைத்து 'அப்பா எங்கே?' விளையாடலாம்.

மாற்றக் கூடாத ஒன்று இருக்கிறது. பேச்சு வராத குழந்தை படப் பலகையையோ டேப்லெட்டையோ காட்டிப் பேசுகிறதென்றால், அதில் படங்களின் இடத்தைச் சோதனைக்காகக் கலைக்காதீர்கள். அங்கே இடத்தை வைத்துப் பழகுவது குறையல்ல, வேகமாகப் பேச அதுதான் உதவுகிறது. படத்தைப் பார்க்கிறாளா, இடத்தைப் பார்க்கிறாளா என்று தெரிய வேண்டுமானால் அதே படங்களைத் தனி அட்டைகளாக எடுத்துப் பாருங்கள். அவளுடைய குரல் பாடப்பொருள் ஆகக் கூடாது.

உதவியை எடுக்கும்போது

நான்காம் படியில் சொன்ன முன்வேலையை நிறுத்தியதும் டியூப், மெக்கில்வேன் ஆய்வில் மதிப்பெண் திரும்ப இறங்கியது. இதை முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொண்டால் வருத்தம் குறையும். திடீரென்று நிறுத்தாமல், நான்கில் மூன்று முறை, பிறகு இரண்டில் ஒரு முறை என்று குறையுங்கள். எழுத்துத் துண்டை வைப்பதற்குப் பதில் எழுத்தைச் சொல்வது, பிறகு வாய்க்குள் சொல்வது என்று சுருக்கலாம். சில குழந்தைகளுக்கு இந்த முன்வேலை எப்போதுமே தேவைப்படும். அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும். பெரியவர்கள் மருந்துச் சீட்டை இரண்டு முறை வாசிப்பதில்லையா?

நோட்டில் தேதி, எந்தக் கூட்டம், எத்தனைக்கு எத்தனை சரி, தப்பு வந்தபோது எடுத்தது எது, உதவி இருந்ததா என்று ஐந்து பத்திகள் போதும். நான்கு வாரம் முறையாகச் செய்தும் அதே அட்டையையே தப்பாக எடுத்துக்கொண்டிருந்தால், அந்த நோட்டோடு சிறப்புக் கல்வியாளரையோ நடத்தைப் பயிற்சியில் தேர்ந்தவரையோ பாருங்கள். 'கவனம் இல்லை' என்று பொதுவாகச் சொல்வதைவிட, 'நடு எழுத்து விட்டுப்போகிறது, துண்டு வைத்தால் சரியாகிறது, எடுத்தால் போய்விடுகிறது' என்று சொன்னால் அவர் முதல் நாளே வேலையைத் தொடங்கிவிடலாம்.

சரியாக வந்துவிட்ட கூட்டங்களையும் அப்படியே மூடி வைக்காமல், இரண்டு வாரம் கழித்து அதே சொற்களைப் புதிய தாளில், வேறொருவர் கையெழுத்தில் எழுதி ஒருமுறை காட்டிப் பாருங்கள். அங்கும் பத்துக்கு ஒன்பது வந்தால் அடுத்த கூட்டத்துக்குப் போகலாம்.